கரண்டிக் கணக்கு

முப்பத்தெட்டாயிரம் பிராங்க் என்றிருந்தது
சூரிச் மண்டபக்காரரின் விலைப்பட்டியல்.
புகை தனி. வெள்ளைக் குதிரை தனி.
குதிரைக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு நட்சத்திரம்:
மழை வந்தால் பணம் திரும்பாது.
அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு
பயத்தம் பணியாரத்துக்கு எத்தனை கிலோ மா என்று
எழுதத் தொடங்கினாள் அம்மா.
அப்படித்தான் முடிவானது.

"காசில்லாத கலியாணம் எண்டு சனம் கதைக்கும்"
என்றார் சித்தப்பா தொலைபேசியில்.
கதைக்கட்டும்.
கதைக்கிறவர்கள் வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்தால்
வெங்காயம் உரிக்கலாம் என்றேன்.
அவர் எட்டரைக்கே வந்தார்,
சொந்தக் கத்தியோடு.

தோரணத் துணிகளை மஞ்சளில் தோய்த்துக்
கீழ்மாடிச் சலவை அறையில் உலரப்போட்டது செவ்வாய்.
செவ்வாய் ஃப்ரௌ எஷ்லிமானின் முறை.
கதவில் காகிதம் ஒட்டியிருந்தது:
*இது உங்கள் நாள் அல்ல.*
அடியில், வேறு பேனாவில்:
*இன்னும் எத்தனை இருக்கிறது?*
புதன் காலை வாசலில் ஒரு கூடை.
அத்தனையும் இஸ்திரி போட்டு
நான்காய் மடித்து.

பொன்னுருக்கினது சுகிர்தாவின் வேலையிடத்தில்.
கடைவாய்ப்பல்லுக்கு உறை வார்க்கும் அடுப்பு.
கண்ணாடிக் கவசம் மாட்டிக்கொண்டு
அவளுடைய முதலாளி தேங்காயைப் பிடித்தபடி நின்றார்,
குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டு
தாய் எங்கோ போய்விட்டதுபோல.
அம்மாவின் ஒற்றைக் காப்பு
சுருங்கி, உருண்டு,
ஒரு துளியாய் நடுங்கியது.
யாரும் பேசவில்லை.
பிறகு அவர் கேட்டார்,
இதைக் கடிக்கப் போகிறீர்களா, கட்டப் போகிறீர்களா என்று.

லாங்கென்தால் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபம்.
தரையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய்
சிவப்பு நீலம் மஞ்சள் கோடுகள்.
மணவறை எங்கே என்று நாடா பிடித்து அளந்து
நிரூபன் சொன்னான்:
எதிராளி தப்புச் செய்த பிறகு
தனியே நின்று பந்தெறியும் கோடு இருக்குதே,
அதில வைப்பம்.
யார் எதிராளி என்று நான் கேட்கவில்லை.

பேருந்து ஓட்டும் கேதாரன் மரத்தட்டுகளை அறைந்தான்.
கோபுரம் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டை.
பொன்வண்ணம் மூன்று பூச்சுப் பூசியும்
'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்பு மறையவில்லை.
விட்டுவிட்டோம்.
அது சரியான பக்கத்தைத்தான் காட்டியது.

வாழை கிடைக்கவில்லை.
பக்கத்துப் பண்ணையில் கேட்டு வாங்கிய சோளத்தண்டுகளை
வாசலின் இருபுறமும் கட்டினோம்.
பேர்னிலிருந்து வந்த ஐயர்,
ஒரு மணிக்கு இன்னொரு கலியாணம் உள்ளவர்,
நின்று பார்த்தார்.
"குலை இருக்குத்தானே. காணும்."

கெட்டிமேளம் ஒலிபெருக்கியில் வரவேண்டும்.
வரவில்லை.
கேதாரன் கம்பியைத் தேட,
நிரூபனின் கை என் கழுத்துக்குப் பின்னால்
முதல் முடிச்சில் நிற்க,
யதுமிக்குட்டி எங்கோ ஒரு பொத்தானை அமுக்கினாள்.
ஆட்டம் முடிந்ததைச் சொல்லும் அந்த நீண்ட ஊளை
கூரைவரை எழுந்தது.
சுவர்ப் பலகையில் சிவப்பாய் எரிந்தன எண்கள்:
வீட்டார் பூச்சியம். விருந்தினர் பூச்சியம்.
சித்தப்பாதான் முதலில் சிரித்தார்.
அட்சதை சிரிப்போடு விழுந்ததால்
பாதி என் வாய்க்குள்.

இரவு பதினொன்று.
கூறையை இடுப்பில் செருகிக்கொண்டு நான்,
வேட்டியை மடித்துக் கட்டி அவன்,
நீலக் கோட்டில் தொடங்கி மஞ்சள் கோடுவரை
துடைப்பம் தள்ளினோம்.
அரிசி பொறுக்குவது
கட்டுவதைவிட நேரமெடுக்கும் வேலை.

காலை ஏழுக்கு ஹேர் பூர்கி வந்து
ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
கரண்டிகளைப் பத்துப் பத்தாய் அடுக்கினார்.
கொடுத்தது நூற்றிருபது.
இருந்தது நூற்றிருபத்தொன்று.
மறுபடி எண்ணினார்.
"இது எங்களுடையதில்லை" என்று
மேசையின் ஓரத்தில் தனியே வைத்தார்.

எல்லாரையும் கேட்டாயிற்று.
ஃப்ரௌ எஷ்லிமானையும்.
யாருக்கும் கரண்டி குறையவில்லை.

கொஞ்சம் வளைந்தது.
பருப்புக்கு நல்லது.